கொற்கைக்குப் பட்டு எதற்கு?

ரோமாபுரி உடுத்திய பட்டு தமிழர் நெய்தது என்று மேடைகளில் அடிக்கடி முழங்குகிறார்கள். சான்றாக நீட்டுவது ஓர் அடைமொழியை. கி.பி. 16இல் ஆண்கள் பட்டாடை உடுத்தக் கூடாது என்று ரோம் செனட் விதித்த தடையைப் பதிவு செய்யும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அந்த ஆடையை ‘செரிக்கா’ என்கிறார். லத்தீன் மொழி கிரேக்கத்திடம் கடன் வாங்கிய சொல் அது. ‘சேரெஸ்’ மக்களுடையது என்று பொருள். சேரெஸ் என்றால் சேரர்தானே என்கிறார்கள். காதுக்கு இனிப்பான வாதம்தான். ஆனால், முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், சேர மன்னனைக் ‘கேப்ரோபோத்தோஸ்’ என்று தனியாகவே குறிக்கிறது. பட்டு வந்த இடமாக அது காட்டுவது, வடக்கே வெகு தொலைவில் உள்ள ‘தீனா’ என்ற சீன நகரை. அங்கிருந்து மத்திய ஆசியாவின் பாக்திரியா வழியாகக் குஜராத்தின் பரூச்சுக்கும், கங்கை வழியாக நம் கரைக்கும் பட்டு வந்ததாம். சேரநாட்டு முசிறியிலும் பாண்டியர் வசமிருந்த நெல்கிந்தாவிலும் கப்பலேறிய சரக்குகளில் மிளகு, முத்து, தந்தத்தோடு பட்டும் உண்டு. பக்கத்திலேயே கங்கைப் பகுதியின் சடாமாஞ்சி என்ற நறுமணப் பொருளும் உண்டு. துறைமுகத்தில் ஏறியதெல்லாம் அந்த ஊரில் விளைந்ததல்ல.

சேரெஸ் நாட்டு இரும்பை ரோமானிய எழுத்தாளர் பிளினி புகழ்கிறாரே, அது சேரநாட்டு எஃகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், துணிகளோடும் விலங்குத் தோல்களோடும் சேர்த்தே அந்த இரும்பை அவர்கள் அனுப்புவதாக அதே வரியில் சொல்கிறார். சேரநாடு தோல் ஏற்றுமதிக்குப் பேர்போனது என்று யாரும் எழுதவில்லை. சங்க நூலான பட்டினப்பாலையில் பட்டு வருகிறதே என்பார்கள். வருகிறது, ஆனால் உடுத்தியதற்கு அது சான்றே தவிர, இங்கே புழு வளர்த்து நூல் எடுத்ததற்கு அல்ல. இன்றைக்கும் காஞ்சிபுரத் தறிக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. அதனால் காஞ்சிப் பட்டின் பெயர் குறைந்துவிட்டதா என்ன?

மேடைகளில் பட்டோடு சேர்த்துப் பேசப்படும் பாண்டியர் துறைமுகமான கொற்கையைப் பற்றிப் பெரிப்ளூஸ் சொல்வது முத்துக்குளிப்பை மட்டுமே. குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. அதே பத்தியிலேயே உறையூரின் பெயரால் ‘அர்கரித்’ எனப்பட்ட மெல்லிய பருத்தித் துணி வருகிறது. ஊர்ப் பெயரையே அடைமொழியாக்கிக் கிரேக்கர் விற்ற நம் துணி இதுதான். இதைப் பேச மேடையில் ஆளில்லை. கொற்கையை நம்பி முழங்குகிறவர்கள் இனி முத்தையும் பருத்தியையும் பேசட்டும். பட்டைச் சீனருக்கே விட்டுவிடலாம்.