கேமராவைச் சுமந்தவர் யார்?

நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படத்துக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். அதில் நமக்கு வருத்தமில்லை. அந்தப் படத்தைப் பாராட்டி ஓர் இதழ் எழுதியிருப்பதைத்தான் விழுங்க முடியவில்லை. நிலக்காட்சிக் கலை ஒரு மனிதனும் ஒரு மலையும் மட்டுமே இருக்கும் தனிமை என்கிறது அது. அங்கே சமூகத்தைத் தேடுவது யதார்த்தவாதிகளின் பழைய நோய் என்கிறது.

எந்தத் தனிமை? புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1863 தொடங்கி 1866 வரை மூன்று முறை இமயமலைக்குள் போனார். ஈரத் தகட்டுக் காலம் அது. கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாம் கூடவே போக வேண்டும். தகட்டின் ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அத்தனையையும் கூலிகள் சுமந்தார்கள். சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததை அவரே பிரிட்டிஷ் புகைப்பட இதழில் எழுதினார். மணிரங் கணவாயில் 18,000 அடிக்கும் மேலே அவர் எடுத்த படங்கள் பல ஆண்டுகள் உலகச் சாதனையாக இருந்தன. அடித்தவர் பெயர் அந்தப் படங்களில் இருக்கிறது. அடிபட்டவர் பெயர் எங்கே? அவர்களை விட்டுவிட்டு போர்னின் வாழ்க்கையை யாராவது படமாக்கினால் அதைப் பாதி வாழ்க்கை என்றுகூடச் சொல்ல மாட்டோம்.

இப்போது கேமரா கைக்குள் அடங்குகிறது, யாரும் சுமக்க வேண்டியதில்லை என்பார்கள். வழி? நீர் இருக்கும் இடம்? நம் மலையில் ஜமுனாமரத்தூருக்கு மேலே காட்டுத்தடம் பிடித்துப் போகிற எவருக்கும் முன்னால் ஒரு மலையாளிப் பழங்குடிக்காரர் நடக்கிறார்.

மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் இதை அறிந்தவர். அந்தப் பாட்டின் தலைவன் நன்னனின் நவிரமலையும் சேயாறும் இந்தப் பக்கத்தவைதான். கூத்தருக்கு வழி சொல்லும்போது அருவியையும் முகிலையும் மட்டுமா சொல்கிறார்? தினைப்புனம் காப்பவரின் கவண்கல் எங்கே பாயும், பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே இருக்கும், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அவரைவிடப் பெரிய நிலக்காட்சிக் கலைஞன் நம்மிடம் யார்?

புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ பற்றி 2014இல் வந்த ‘தி சால்ட் ஆஃப் தி எர்த்’ ஆவணப்படம் நமக்குப் பிடித்ததும் இப்படி நிலத்தோடு மனிதரையும் காட்டுவதால்தான். தங்கச் சுரங்கத்தில் மூட்டை சுமந்து ஏறியவர்களும் அதில் உண்டு. வறண்டுபோன குடும்ப நிலத்தில் மனைவி லேலியாவோடு அவர் மீண்டும் வளர்த்த காடும் உண்டு.

நம் மலைக்கு வருவோம். பீமன் அருவியும் பனிமூட்டமும் எத்தனையோ படங்களில் வந்துவிட்டன. அவற்றில் வராதது வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் என்றார்கள். அவர்களில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். சாமை விளையும் மலையிலிருந்து ஒருவன் கோடரியோடு அண்டை மாநிலக் காட்டுக்கு ஏன் போனான்? மரத்தின் விலை யார் பைக்குப் போனது? இவற்றைக் கேட்காத ஆவணப்படம் எதை ஆவணப்படுத்துகிறது? இந்த மலையின் சந்தன மரங்கள் வெட்டுண்டு போனபோதும் இப்படித்தான், மரத்துக்காக அழுதார்கள். மனிதனைக் குற்றவாளி என்றார்கள். சுற்றுலாச் சுவரொட்டியும் கலைப்படமும் ஒரே ஆளற்ற மலையைக் காட்டினால், அதைக் கண்டிக்க விமர்சகன் வேண்டாமா?

அடுத்த இதழிலிருந்து இங்கே மலைப் படம் அனுப்புகிறவர்கள், வழிகாட்டியவரின் பெயரை அவர் சம்மதத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அவருக்குக் கொடுத்த கூலியையும் எழுத வேண்டும். இரண்டையும் படத்தின் கீழேயே அச்சிடுவோம்.