மைட்டோகாண்ட்ரியாவை மறந்த வாதம்

"பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், நம்முடையது 80எஸ், ஆகவே புரத உற்பத்தியைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் நம்மைத் தொடவே தொடாது" என்று ஆன்டிபயாடிக் பற்றிய ஒரு கட்டுரையில் அடித்துச் சொல்கிறார் அதன் ஆசிரியர். பள்ளிப் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்ட வாதம் இது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்த ரைபோசோம் உண்டு. அது பாக்டீரியா வழி வந்தது. அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து சேரும் டி.ஆர்.என்.ஏ. சரியானதா என்று ரைபோசோம் சோதிக்கும் இடத்தில் இரண்டு அடினின்கள் இருக்கின்றன. சரியான ஜோடி வந்தால்தான் அவை வெளியே புரண்டு ஒப்புதல் தரும். மருந்து அங்கே போய் உட்கார்ந்து அவற்றைப் புரண்ட நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. தப்பான அமினோ அமிலமும் நுழைந்துவிடுகிறது, புரதம் கோணலாகிறது. (இதே குடும்பத்துப் பரோமோமைசினை வைத்து, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு 2000-இல் இதை அணு அணுவாகக் காட்டியது.)

சிலருக்குத் தாய்வழி வரும் ஏ1555ஜி என்ற ஒற்றை எழுத்து மாற்றம், மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமில் அதே இடத்தை இன்னும் பாக்டீரியா சாயலாக்கிவிடுகிறது. அவர்களுக்கு ஜென்டாமைசின் ஊசி போட்டால் காது கேட்காமல் போகலாம், போனது திரும்பாது. புரத உற்பத்தியைத் தடுக்கும் இன்னொரு மருந்தான லினசோலிட்டை நீண்ட நாள் கொடுத்தால் ரத்த அணுக்கள் குறைவதும் பார்வை நரம்பு கெடுவதும் மருத்துவர்கள் அறிந்த சேதிதான். ரத்த அணு விஷயத்தில், இதே வேலை செய்யும் குளோராம்பெனிக்கால் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இம்மருந்துகளே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ரத்தத்தில் கிருமி பரவியவருக்கு ஜென்டாமைசின் உயிர் காக்கும். ஆனால் "தொடவே தொடாது" என்ற தைரியத்தில் வைரஸ் சளிக்கும் இதே வகை அசித்ரோமைசினை வாங்கி விழுங்க அந்தக் கட்டுரையாளர் சொல்வது என்ன நியாயம்?