கடல் கடந்தால் வாக்குரிமை கரைந்துவிடுமா?

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒரு விந்தையைக் கண்டோம். அமெரிக்காவில் 5ஆம் திகதி சனாதிபதித் தேர்தல். நமது நாட்டில் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். கல்லடித் தேநீர்க் கடைகளிலும், மாரி மழைக்கு ஒதுங்கிய படுவான்கரை வாடிகளிலும், டொனால்ட் ட்ரம்பா, கமலா ஹாரிஸா என்ற விவாதமே ஓங்கி நின்றது. பென்சில்வேனியா மாநிலத்துக்குத் தேர்வாளர் வாக்குகள் 19 என்று ஓர் இளைஞர் துல்லியமாகச் சொன்னார். பட்டிருப்புத் தொகுதியின் நிலை யாது என்று வினவினோம். சிரித்துவிட்டு எழுந்து போனார்.

அயல்நாட்டு அரசியலில் ஆர்வம் கொள்வதை நாம் இகழவில்லை. புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் பல்லாண்டு பணியாற்றிய ஊர் இது. எனினும் அமெரிக்கரிடம் நாம் கற்கவேண்டியது வேட்பாளர்களின் வாய்ச்சண்டையையன்று. தாய்நாட்டைப் பிரிந்து வாழும் அமெரிக்கர் அரசியலை எவ்வாறு விடாது பற்றி நிற்கின்றனர் என்பதையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும்.

1964ஆம் ஆண்டில் இலண்டனிலும் பாரிஸிலும் வாழ்ந்த ஜனநாயகக் கட்சியினர் சிலர் கூடித் தொடங்கியதே 'டெமொக்ரட்ஸ் அப்ரோட்' என்னும் அமைப்பு. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அது பொழுதுபோக்குக் கழகமாகவே தோன்றும். ஆனால் கட்சி அதனை ஒரு மாநிலக் கிளைக்கு ஒப்பாகவே மதிக்கிறது. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் மாநாட்டுக்கு அது பிரதிநிதிகளை அனுப்புகிறது. 2008இல் உலகெங்கும் பரந்துள்ள தன் உறுப்பினரிடையே தனித் தேர்தலே நடத்தியது. குடியரசுக் கட்சியினருக்கும் 2013 முதல் இத்தகைய அமைப்பு உண்டு.

இக்கழகங்களுக்கு உயிர் தந்தது எது? சட்டம். கடல் கடந்து வாழும் குடிமகனும் வாக்காளனே என்று 1975ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை விரித்த 1986ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன. அவன் இறுதியாக வாழ்ந்த மாநிலத்திலேயே அவனது வாக்கு எண்ணப்படும். வாக்குச்சீட்டு கேட்டவனுக்குத் தேர்தலுக்கு 45 நாட்கள் முன்னதாகவே அது அனுப்பப்படவேண்டும் என்று 2009இல் மேலும் இறுக்கினர். 2000ஆம் ஆண்டில் புளோரிடா 537 வாக்குகளால் முடிவானபோது, வெளிநாட்டிலிருந்து வந்த சீட்டுக்களைப் பற்றி நீதிமன்றங்களிலே வழக்காடினர். வாக்கில்லாதவனுக்காக எந்தக் கட்சி நீதிமன்றம் ஏறும்?

நம்மவர் நிலையைப் பாருங்கள். ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் வாகரையிலும் வெல்லாவெளியிலும் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு எது? ஈட்டிலே போன வயலை மீட்டது அந்தப் பணம். உழவு இயந்திரம் வாங்கியதும் அந்தப் பணம். 2024இல் மட்டும் இலங்கைக்கு அவர்கள் அனுப்பியது 650 கோடி டொலருக்கும் மேல். அவர்களை அனுப்புவதற்கென்றே 1985 முதல் அரசு ஒரு பணியகம் நடத்துகிறது. ஆயினும் 2024இல் நடந்த இரு தேர்தல்களிலும் அவர்களுக்கு ஒரு வாக்குப்பெட்டி இல்லை. கடமையிலுள்ள அரசாங்க ஊழியருக்கு அஞ்சல் மூல வாக்கு உண்டு. கட்டாரில் வெயிலில் வெந்து நாட்டுக்கு டொலர் அனுப்புபவன் வாக்களிக்க விரும்பின் விமானம் ஏறி வரவேண்டும்!

இதற்கு மறுப்பும் உண்டு. நாட்டைவிட்டு அகன்றோர் நாட்டில் இருப்போரின் தலைவிதியை நிர்ணயிக்கலாமா என்கின்றனர். அற்பமான வினாவன்று. தெற்கிலே சிலர் இதைக் கேட்கும்போது மனத்தில் இருப்பது ரொறன்ரோவும் இலண்டனும் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அந்நிய நாட்டுப் பிரசாவுரிமை பெற்றவர், இரட்டைப் பிரசாவுரிமை பெற்றிருந்தாலன்றி, சட்டப்படி இலங்கைப் பிரசையே அல்லர். நாம் பேசுவது இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சென்று திரும்பும் தொழிலாளியைப் பற்றி. அவனுக்கு வேறு நாடு இல்லை. வீட்டுப்பணிப்பெண்ணாகச் சென்ற தாய்க்கும் வேறு நாடு இல்லை.

இந்தியா 2010இல் வெளிநாட்டுக் குடிமக்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நேரில் வந்தே வாக்களிக்கவேண்டும் என்றது. பந்தி விரித்து இலையை மறைத்த கதை. அந்த அரைகுறையை நாம் ஏற்கலாகாது. தூதரகங்களிலே வாக்குச்சாவடி வேண்டும். முதற்கண் தொழிலாளர் மிகுந்த வளைகுடா நாடுகளில் வேண்டும். எசமானிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு இருப்போர் எவ்வாறு அடையாளம் காட்டுவர் என்பதற்கும் சட்டத்தில் வழி காணவேண்டும்.

மாவட்டத்தின் ஐந்து பாராளுமன்ற உறுப்பினரிடமும் இதனைக் கோரும் மனுவொன்றை வரைய நாம் ஆயத்தம். சட்டத்தரணிகள் ஆசிரியர்களோடும் கமக்காரர் அமைப்புக்களோடும் சேர்ந்து, ஊர் ஊராக, கடல் கடந்திருப்போர் எத்தனை பேர், எந்த நாட்டில், எவ்வளவு காலமாக என்ற கணக்கை எடுத்துத் தாருங்கள். பெரும்போக அறுவடைக்கு முன் அது கைக்கு வந்தால் போதும்.