எந்த வேளை நல்ல வேளை?

சென்ற வாரம் நமது கல்லூரியின் ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. தேகாப்பியாசம் செய்வதற்கு உகந்த வேளை யாது என்பதே விடயம். தமிழாசிரியர் ஒருவர், "பிரம முகூர்த்தத்தை விட்டால் வேறு வேளை ஏது?" என்றார். விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரோ, "என்னுடைய பிள்ளைகள் பின்னேரம் ஓடும் வேகத்தில் விடியற்காலையில் ஒருநாளும் ஓடியதில்லை" என்று மறுத்தார். மணி அடித்தது. வழக்குத் தீராமலே இருவரும் வகுப்புக்குச் சென்றனர். அவ்வழக்கை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வோம். இதில் நமக்கும் சொந்த அக்கறை ஒன்று உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். இரவு 2 மணி முதல் 6 மணி வரையுள்ள பொழுது வைகறை. பகல் 2 மணி முதல் 6 மணி வரையுள்ளது எற்பாடு. மனித உடலின் வெப்பநிலை நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. வைகறையில், ஏறத்தாழ 4, 5 மணியளவில், அது மிகத் தாழ்ந்திருக்கும். எற்பாடு முடிந்து மாலை தொடங்கும் வேளையில் மிக உயர்ந்திருக்கும். இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு பாகை செல்சியசுக்கு உட்பட்டதே. ஆயினும் தசைகள் இளகி, மூட்டுகள் எளிதாக மடங்கி, பலமும் வேகமும் கூடி நிற்பது அந்தப் பிற்பகல் வேளையிலேதான். விளையாட்டாசிரியர் கண்டது கண்மயக்கு அன்று.

உடலுக்குள் இப்படியொரு கடிகாரம் ஓடுகிறது என்பதை அறிஞர் நெடுங்காலமாகவே ஐயுற்றிருந்தனர். 1729 ஆம் ஆண்டில் டி மைரான் என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்பின. அக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியாயின் வைகறையில் எழுபவர் தவறு செய்கின்றனரா? இல்லை. நம் நாட்டில் விடியற்பொழுதின் குளிர்ச்சி பெருங்கொடை. காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்றரை மணி வரை, அதிலும் சித்திரை வைகாசி மாதங்களில், வெளியில் ஓடியாடுவது உடலுக்குத் தீங்கு. விடியற்காலையில் வெயிலும் இல்லை. வாசலில் வந்து கூப்பிடுவாரும் இல்லை. ஆகவே காலையில் நடக்கும் பழக்கம் பலருக்கு இடையில் முறியாமல் நிலைத்துவிடுகிறது. காலையிலேயே பயின்று வருவோருக்குக் காலைப் பலமும் நாளடைவில் கூடுகிறது.

எனினும் சில எச்சரிக்கைகள் வேண்டும். இரவு படுத்திருக்கையில் முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். நாம் காலையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதும் அதனாலேதான். எழுந்தவுடனே குனிந்து நிமிரும் பயிற்சிகளில் இறங்கினால் முதுகு நோகும். முதலில் சற்று நடந்து உடலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மாரடைப்பு காலை வேளையில் சற்று அதிகமாக நேர்கிறது என்பதும் மருத்துவர் அறிந்ததே. இதய நோயாளர் தம் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்போர் வெறுவயிற்றில் நெடுந்தூரம் நடக்கலாகாது. சட்டைப் பையில் இரண்டு இனிப்பு இருக்கட்டும். இருட்டில் வீதியில் இறங்குவோர் வெள்ளை உடை அணிவது நன்று. மாலையை விரும்புவோருக்கும் ஒரு சொல்: இரவில் மெல்ல நடப்பது உறக்கத்தைக் கெடுக்காது, படுக்கைக்குச் செல்லும் நேரத்தில் மூச்சுவாங்க ஓடுவதுதான் கெடுக்கக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பின், காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு சிறிது என்பதையும் சொல்ல வேண்டும். செய்வதற்கும் செய்யாமைக்கும் உள்ள வேறுபாடே பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட அறிவுரையில், வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் எனக் கூறியது. வாரத்துக்குரிய 10,080 நிமிடங்களில் 150 என்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட அன்று. அதனை எந்த மணியில் செலவிட வேண்டும் என்று அந்நிறுவனம் விதிக்கவில்லை.

இனி நமது அக்கறையைக் கூறுவோம். ஈராண்டுகளுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தபோது, சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் வைத்தியர். நமது தந்தையாரை அந்நோய் என்ன பாடு படுத்திற்று என்பதைக் கண்ணாற் கண்டவர் நாம். அன்றே சப்பாத்து வாங்கினோம். நாலரை மணிக்கு அலாரம் வைத்தோம். பதினொரு நாள் நடந்தோம். பன்னிரண்டாம் நாள் மாரிமழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பின்னும் நாம் எழவில்லை. "காலை தவறிவிட்டது, இனி நாளைக்குப் பார்ப்போம்" என்று ஒவ்வொரு நாளும் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். சிறந்த வேளையைப் பற்றிய நம்பிக்கையே நமக்கு நல்ல சாட்டாகி விட்டது.

தைப்பொங்கலுக்குப் பின் மீண்டும் அலாரம் வைக்க முனைந்தபோது நமது இல்லாள் சொன்னார்: "இஞ்சாருங்கோ, நீங்கள் நடக்கிறதுக்கு நாலரைக்கு எழும்பப் போறியள். நான் இருபது வருசமா நாலரைக்குத்தான் எழும்பிறன். எனக்கு நடக்க எந்த நேரம் நல்லதெண்டு உங்கட புத்தகத்தில போட்டிருக்கோ?"

நம்மிடம் விடை இல்லை. அவர் எழுந்தால் அடுப்பு, அடுப்பு முடிந்தால் பாடசாலைச் சாப்பாடு, பின் வேலை, பின் மீண்டும் அடுப்பு. வைகறையும் எற்பாடும் அவருக்கு ஒன்றே. நாம் கைவிட்ட அந்தப் பதினொரு நாட்களிலும் நமது தேநீரைக் காய்ச்சியவரும் அவரே. கொழும்பிலே காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை 1859 இல் நிறைவெய்தியபோது, நகரத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படுமாறு அதனைப் பேணவேண்டும் எனத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் தமக்குப் பின்வருவோரை வேண்டிக் கல்லில் பொறித்து வைத்தார். நாமோ நம் வீட்டுப் பெண்ணுக்குக் கால்மணி நேரத்தைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை.

அன்று முதல் அலாரத்தை விட்டோம். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முடிகிறது. பாத்திரம் கழுவுவது இப்போது நமது பொறுப்பும் மகனுடைய பொறுப்பும் ஆகும். எட்டு மணிக்கு நாமும் அவரும் ஒழுங்கை முனைவரை சென்று கோயில் வீதியைச் சுற்றி வருகிறோம், இருபத்தைந்து நிமிடம். உண்டபின் சிறிது நடப்பது இரத்தத்தில் சீனி ஏறுவதைத் தணிக்கும் என்பது நமக்கு மேலதிக இலாபம். மழை நாளில் விறாந்தையிலே நடை. சீனி இன்னும் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை.

மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிடம் வேண்டும் என்கிறது அதே அறிவுரை. உடல் மிக நன்றாக இயங்கும் எற்பாட்டு வேளையிலோ நம் பிள்ளைகள் ரியூசன் கொட்டில்களில் வாங்கிலே நெருங்கி அமர்ந்திருக்கின்றனர். கிளித்தட்டுக் கோடு கீறிய வளவுகளில் இன்று புல் முளைத்திருக்கிறது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையை நாம் இகழவில்லை. அதற்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதே நமது தொழில். ஆயினும் வாரத்தில் இரண்டு பின்னேரங்களையாவது பந்துக்கும் சைக்கிளுக்கும் விட்டுக்கொடுங்கள். அதனால் பெறுபேறு குறைந்த மாணவனை நமது இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நாம் கண்டதில்லை.

ஆசிரியர் அறை வழக்குக்கு நமது தீர்ப்பு இதுவே: நாளையும் நாளை மறுநாளும் எந்த வேளையை உங்களாற் காக்க முடியுமோ அதுவே நல்ல வேளை. வீட்டில் அவ்வாறு ஒரு வேளை இல்லாதவர் யார் என்பதை இன்று மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உண்ணும்போது கேட்டுப் பாருங்கள். அவருடைய வேலையில் ஒன்றை மற்றவர் ஏற்றுக்கொண்டால், அந்த வேளையும் பிறந்துவிடும்.