லாரிக்கு எஃப்.சி. உண்டு, ஓட்டுநருக்கு?

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு கணவாயில் ஏறும் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் எம்-சாண்ட், ஜல்லி, காய்கறி லோடு லாரிகள் இரவு பகலாகக் கேரளத்துக்குப் போகின்றன. குற்றாலச் சாரல் காலத்திலும் சபரிமலை சீசனிலும் சுற்றுலா வேன்களும் பக்தர்களின் பேருந்துகளும் அதே சாலையில் சேர்ந்துகொள்கின்றன. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய லாரி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும். அதை ஓட்டுபவரோ உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு முன் இந்த இடைவெளி மூன்று ஆண்டாக இருந்தது. அந்தச் சான்றுக்கான 1ஏ படிவமும் பார்வை, செவித்திறன், மாலைக்கண், உறுப்புக் குறைபாடு ஆகியவற்றையே முக்கியமாகக் கேட்கிறது. சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் குறிக்க அதில் இடமில்லை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வேளைக்குச் சாப்பிடாமல் ஓட்டினால் சர்க்கரை இறங்கித் தலைசுற்றக்கூடும். மலை வளைவில் அந்தச் சில நொடிகளே உயிரைப் பறிக்கும்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையை நிறுவனத்தின் கடமையாக்குகிறது; நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது கிடைக்கும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், பத்துத் தொழிலாளர்களாவது உள்ள போக்குவரத்து நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தும். ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் ஓட்டுநர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார். ஆகவே, சட்டம் தேடி வரட்டும் என்று காத்திராமல், லாரி உரிமையாளர் சங்கங்களே கூட்டாக இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

டீசல், சுங்கம், காப்பீட்டுக்கு மேல் இது இன்னொரு செலவு என்பார்கள் உரிமையாளர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே பார்க்கப்படுகின்றன. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி வருகிறது. ஆனால் லாரி ஓட்டுநர் வீட்டில் இருப்பதே அரிது. அவர் நிற்கும் இடம் லாரி செட்டும் புளியரை சோதனைச் சாவடியும்தான். அங்கே மாதம் ஒரு முகாம் நடத்த, சங்கங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டால் போதும். சாலையும் அதிக பாரமும்தானே விபத்துக்குக் காரணம் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் மோசமான வளைவில்தான் ஓட்டுநரின் கண்ணும் கையும் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கிறது.

கனமான மறுப்பு ஓட்டுநர்களிடமிருந்தே வரும்: நோய் தெரிந்தால் வேலை போய்விடுமே? நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரின் இந்த அச்சம் நியாயமானது. அதைப் போக்காமல் நடத்தும் பரிசோதனையில் நோய் மறைக்கப்படும். சான்று மட்டும் பெருகும். எனவே பரிசோதனை முடிவு ஓட்டுநரின் கைக்கே போகட்டும். ஓட்டலாமா, சிகிச்சைக்குப் பின் ஓட்டலாமா என்பது மட்டும் உரிமையாளருக்குத் தெரிந்தால் போதும். சிகிச்சைக் காலத்தில் பகல் நேர உள்ளூர் லோடும், இழக்கும் கூலியில் ஒரு பங்கும் தர ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த உறுதியை எழுத்தில் கொடுத்த பிறகே உரிமையாளர்கள் முகாமுக்குத் தேதி குறிக்கட்டும்.