ஒரு விநாடிக்கு வழியில்லையா?

2012 ஜூன் 30 நள்ளிரவில் உலகப் பொது நேரத்தில், கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகச் செய்யும் ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்டது. நமக்கு அது ஜூலை 1, விடியற்காலை ஐந்தரை மணி. அந்த ஒரு விநாடியில் லினக்ஸ் சர்வர்கள் பல திணறிப்போயின. கடிகாரம் மாறிய செய்தி, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் டைமர்களுக்குப் போய்ச் சேரவில்லை. காத்திருக்க வேண்டிய நிரல்கள் ஓயாமல் விழித்தெழுந்து சிபியுவை விழுங்கின. ரெடிட் இணையதளம் தடுமாறியது. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகள் செக்-இன் வரிசையில் நின்றார்கள்.

இதை விபத்து என்று ஒப்புக்கொள்ள முடியாது. பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட விநாடி அது. 1972 முதல் அதற்குமுன் 24 முறை வந்துபோனதும்கூட. 2008-லேயே லீப் விநாடியில் சில லினக்ஸ் கணினிகள் உறைந்திருந்தன. அப்போதே விழித்திருக்க வேண்டாமா?

கோளாறின் வேர், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் பின்பற்றும் போசிக்ஸ் தரநிலையில் இருக்கிறது. நாளுக்கு 86,400 விநாடிதான் என்கிறது அது. கூடுதலாக ஒன்று வந்தால் அதற்கு எண்ணே கிடையாது. எனவே லினக்ஸ் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. காலம் பின்னோக்கிப் போகாது என்று நம்பி எழுதிய நிரல் 2017 புத்தாண்டின் லீப் விநாடியில் எதிர்மறை எண்ணைக் கண்டதும், இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் சேவை இடறியது. விண்டோஸோ 2018 வரை 61 விநாடி நிமிடத்தை அறியாமலே காலம் தள்ளியது.

பெரிய நிறுவனங்கள் கண்ட தீர்வு பூசி மெழுகல். கூகுளும் அமேசானும் அந்த விநாடியைச் சிறுகச் சிறுக 24 மணி நேரத்தில் கரைக்கின்றன. மெட்டா 17 மணி நேரத்தில். ஆளுக்கொரு கணக்கு! கூகுள் முறையில் நள்ளிரவில் கடிகாரம் அரை விநாடி விலகி நிற்கும். மைக்ரோ விநாடியில் பதிவு கேட்கும் பங்குச் சந்தைக்கு இது அடுக்குமா?

2035-க்குள் லீப் விநாடிக்கு விடைகொடுக்க 2022-இல் எடைகள், அளவைகள் பொது மாநாடு முடிவெடுத்தது. அதைக் காட்டிச் சும்மா இருப்பதைக் கண்டிக்கிறோம். பூமியின் சுழற்சி வேகம் கூடியிருப்பதால், அதற்குமுன் ஒரு விநாடியைக் கழிக்கவும் நேரலாம். அது இதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. கூட்டவே தெரியாதவர்கள் கழிப்பது எப்படி?

போசிக்ஸ் விதியைத் திருத்துங்கள். அணுக் கடிகாரக் கணக்கான டிஏஐ நேரம் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது; அதையே அடிப்படையாக்குங்கள். கரைப்பதென்றால் எல்லோரும் ஒரே முறையில் கரையுங்கள். விநாடியைக் கழிக்கும் சோதனையை இப்போதே நடத்தி, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள்.