இன்னும் ஒருத்தர்தான்!

நேப்பாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் தேவாலய ஆராதனையும் அன்றுதான். நம்மைவிட 2 மணி 15 நிமிடம் பின்னால் ஓடும் ஊர். எங்கள் போதகருக்கு உதவியாளராகக் காத்மாண்டு போயிருந்தேன்.

பை தூக்குவது சின்ன வேலை. அவருக்காக 'முடியாது' சொல்வதுதான் பெரிய வேலை. போதகர்களுக்கு அந்தச் சொல் வராது. வரிக்கு வரி நேப்பாளியில் மொழிபெயர்த்ததால் 30 நிமிடப் பிரசங்கம் ஒரு மணி நேரமானது. (வானொலியில் இப்படி இழுத்தால் விளம்பரங்கள் என்னாவது?) முடிந்ததும் ஜெபத்துக்கு நீண்ட வரிசை. அவரோ நீரிழிவுக்காரர். மாத்திரை போட்டாயிற்று, சாப்பிடவில்லை. கை லேசாக நடுங்கியது.

"இன்னும் ஒருத்தர்தான் தம்பி." மூன்றாவது முறையாகச் சொன்னார்.

பருப்புச்சோற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். "ஐயா முதலில் சாப்பிடட்டும்." மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் முன்னால் நின்ற பாட்டி தலையசைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்தார். பின்னால் மற்றவர்களும்.